இடம் மாறும் பேச்சு: பச்சேந்திரி பாலா, அன்னை தெரசாவா?

பள்ளிப் பேச்சுக்கு மலையேறிய பச்சேந்திரி பாலா, அன்னை தெரசாவா என்று உங்கள் மகள் குழம்புகிறாள் என்றால், பச்சேந்திரி பாலையே எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எவரெஸ்ட் உச்சியில் நின்ற நாள் வேண்டாம், அதற்கு ஒரு வாரம் முந்தைய இரவு.

தண்டையார்பேட்டை பள்ளியில் 'ஒரு நாள் யாருடன் இடம் மாறுவாய்' என்ற பேச்சு, மகள் நாலு வரிக்கு மேல் நகரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் முழு வாழ்க்கையையும் மூன்று நிமிடத்தில் அடைக்கப் பார்ப்பதுதான் காரணம். பிறந்த ஊர், விருது, முடிந்தது.

1984 மே 15 இரவு, சுமார் 7,300 மீட்டர் உயரத்தில் பச்சேந்திரி தூங்கிக்கொண்டிருந்த கூடாரத்தின் மேல் பனிச்சரிவு விழுந்தது, பின்மண்டையில் அடி, கூட இருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்துத்தான் வெளியே வழி உண்டாக்கினார், அடிபட்ட பலர் கீழே இறங்கிவிட்டார்கள், இவர் ஏறுகிறேன் என்றார். மே 23 மதியம் உச்சியில் நின்றார், முதல் இந்தியப் பெண்ணாக. அந்த இரவில் உங்கள் மகள் என்ன முடிவெடுத்திருப்பாள்? பேச்சு அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், இடம் மாறுவது என்றால் இரண்டு பக்கமும். அன்று பச்சேந்திரி உங்கள் வீட்டில் இருப்பார். விடியற்காலையில் அவரைக் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அனுப்பலாமே, மலைக்காரருக்குக் கடல்!

ஆள் சரியா என்று பார்க்க, போனைத் தொடாமல் அந்த நாளில் கண்ணில் படுவது, காதில் விழுவது என்று ஐந்து சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் அவள் மனசு தெரசா பக்கம் இருந்தால் மாற்றாதீர்கள். அப்போதும் 1979 நோபல் மேடை வேண்டாம், 1948-ல் கொல்கத்தா மோதிஜில் குடிசைப் பகுதியில் மண்ணில் குச்சியால் எழுத்து சொல்லிக்கொடுத்த நாளை எடுக்கட்டும்.