முகமூடிதான் பந்தயம்

கேள்வி: மெக்சிகோவில் எல் சான்டோ என்ற முகமூடி மல்யுத்த வீரருக்குச் சிலை வைத்திருக்கிறார்களாமே! யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துப் போடும் சண்டைக்கு இத்தனை மரியாதையா?
– வாசகர், ஈரோடு

பதில்: கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். மெக்சிகோக்காரர்களும் விவரம் புரியாமல் லூச்சா லிப்ரே என்கிற தங்கள் ஊர் மல்யுத்தம் நடக்கும் அரங்குக்குப் போவதில்லை. கயிற்றின் மேலிருந்து பாய்கிறவருக்கு, முடிவு பேசி வைத்தது என்பதால் விழும்போது வலிக்காமல் போய்விடுமா?

சிலை இருப்பது அவர் 1917ல் பிறந்த துலான்சிங்கோவில். இயற்பெயர் ரொடோல்ஃபோ குஸ்மான் உவெர்த்தா. 1930களில் பல பெயர்களில் மோதிப் பார்த்தார், எதுவும் எடுபடவில்லை. அப்போது புகழோடு இருந்த முர்சியெலாகோ (வௌவால்) என்ற வீரரின் பெயரை ஒட்டி 'இரண்டாம் முர்சியெலாகோ' என்று வைத்துக்கொண்டார். அசல் வௌவால் ஆட்சேபிக்க, அதையும் விட வேண்டியதாயிற்று. 1942ல்தான் வெள்ளி முகமூடியோடு சான்டோவாக வந்தார். சான்டோ என்றால் புனிதர். ஆனால் ஏற்றதோ 'ரூடோ' வேடம்; விதியை மீறி அடிக்கிற வில்லன். ஏறக்குறைய 20 வருடம் அப்படியே வசை வாங்கித்தான் பேர் வாங்கினார். பிறகு நல்லவர் பக்கம் மாறினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் ரத்தக்காட்டேரிகளோடும் பைத்தியக்கார விஞ்ஞானிகளோடும் மோதிய கதாநாயகனும் அவரே.

மரியாதை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். லூச்சாவில் பட்டத்தைவிடப் பெரிய பந்தயம் முகமூடி. தோற்றவர் அரங்கின் நடுவிலேயே அதைக் கழற்றி, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அந்த முகம் பத்திரிகையில் இருக்கும். சான்டோ பலமுறை அப்படிப் பந்தயம் வைத்தார், ஒருமுறைகூட இழக்கவில்லை. 1982ல் ஓய்வு பெறும்வரை, 40 வருடம், ரசிகர்களுக்கு முகம் காட்டவில்லை. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைச் சற்றே தூக்கி, முகத்தில் பாதியைக் காட்டினார். பிப்ரவரி 5ம் தேதி மாரடைப்பில் இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். இத்தனை காலம் ஒரு வேடத்தைக் கட்டிக் காப்பதைப் பித்தலாட்டம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தோற்றவர்களையும் பாருங்கள். 1952 நவம்பரில் சான்டோவிடம் முகமூடியைப் பறிகொடுத்தவர் பிளாக் ஷேடோ. அவரும் அப்போது பெரிய நட்சத்திரம். அன்று அவிழ்ந்தது அவிழ்ந்ததுதான். அதன் பிறகு பல வருடம் வெறும் முகத்தோடுதான் அவர் களமிறங்கினார். பேசி வைத்த சண்டை என்கிறீர்களே, அவர் கொடுத்த விலை நிஜமில்லையா?