கண்ணைத் தின்ற நண்டு

ஐயா,

தொண்டிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நான்கு நாள் கடலில் கிடந்த மீனவர் ஒருவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தேன். கண்ணைத் தோண்டிக் கொன்றுவிட்டார்கள் என்கிறார்கள் உறவினர்கள். தவறி விழுந்தார் என்று எழுதிவிடுங்களேன் என்கிறார் காவல் அதிகாரி. நான் எதை எழுத? கோர்ட்டில் கிழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

- ஓர் இளம் மருத்துவர்

அன்புள்ள தம்பி,

இருவர் சொன்னதும் உங்கள் கருத்துக்குள் நுழையக் கூடாது.

கண்ணையே எடுத்துக்கொள்வோம். நண்டும் மீனும் முதலில் வாய் வைப்பது இமை, உதடு, காதுமடல் போன்ற மெல்லிய இடங்களில்தான். விளிம்பு கொறித்தது போலிருக்கும், சுற்றிலும் ரத்தம் கட்டியிருக்காது. பார்த்ததை அப்படியே எழுதுங்கள்: "இரு இமைகளும் இல்லை. விளிம்பு ஒழுங்கற்றது. ரத்தக்கட்டு இல்லை." இறந்த பிறகு நீர்வாழ் உயிரினங்கள் கடித்தது என்று நினைத்தால், அதைக் கீழே தனியாக, காரணத்தோடு எழுதுங்கள். "கண்கள் தோண்டப்பட்டிருந்தன" என்று எழுதினால் தொலைந்தீர்கள். அந்தச் சொல்லிலேயே தோண்டிய ஆள் ஒருவன் வந்து நிற்கிறான்.

ஆனால் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் உயிரோடு பட்ட காயத்தின் ரத்தமும் கழுவிப்போகும். சந்தேகமிருந்தால் அந்தத் திசுவை ஃபார்மலினில் போட்டு அனுப்புங்கள். விஷப் பரிசோதனைக்குப் போகும் உறுப்புகளுக்கு உப்புக்கரைசல். அவசரத்தில் பாட்டிலை மாற்றிவிடுபவர்கள் உண்டு.

மூழ்கித்தான் இறந்தார் என்றே தெரிந்தாலும், தவறி விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்பதை நுரையீரல் சொல்லாது. அது விசாரணை அதிகாரியின் வேலை.

கீழக்கரைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோளில் காயத்தோடு வந்தவருக்கு "அரிவாள் வெட்டு" என்று எழுதிக் கொடுத்தேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார்: "அரிவாளைப் பார்த்தீர்களா டாக்டர்?" இல்லை என்றேன். "பின்னே யார் சொன்னது?" கூட வந்தவர். "அப்போ இது உங்கள் அறிக்கையா, அவருடையதா?" கூண்டில் நின்றபடி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அன்றிலிருந்து நீளம், அகலம், ஆழம், விளிம்பு எல்லாம் குறித்துவிட்டு, "கூரான ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக்கூடும்" என்று எழுதுவதோடு சரி.

"கீழே விழுந்தாலும் இப்படி ஆகுமா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகும் என்றால் ஆகும் என்று சொல்லுங்கள். அரசு டாக்டர் என்பதால் நீங்கள் அரசுத் தரப்பு ஆள் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, இப்போதைய 39, உங்களிடம் கேட்பது கருத்தைத்தான். தீர்ப்பை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

காயச் சான்றிதழ் எழுதும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். கடும் வலியோடு 20 நாள் அவதிப்பட்டால் கொடுங்காயம் என்பது பழைய கணக்கு. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு அது 15 நாள். பழைய பாடப்புத்தகத்தையே நம்பியிருக்காதீர்கள்.

மூழ்கியவர் உடலில் நுண்ணிய நீர்ப்பாசியைத் தேடும் டையாட்டம் பரிசோதனைக்கு எலும்பு எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, உடல் கிடந்த இடத்துக் கடல்தண்ணீரும் வேண்டும். எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே அந்த அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள்.