வாசகர் கேள்வி–பதில்: படப்புத்தகமும் முதல் வரலாறும்

கேள்வி: தரம் 3 பிள்ளைகளுக்கு, தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த மலையக மக்களின் வரலாற்றைச் சிறு படப்புத்தகமாகச் செய்யப் போகிறோம். எந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்? எத்தனை பக்கம் வேண்டும்? – ஆசிரியை, அட்டன்

பதில்: ஆண்டிலிருந்து தொடங்க வேண்டாம். எட்டு வயதில் 1823உம் 1923உம் ஒன்றுதான். அம்மா, அம்மாயி, அம்மாயியின் அம்மாயி என்று படிப்படியாகப் பின்னால் போங்கள். அம்மா கொழுந்து போடுவது நைலோன் சாக்கில், அம்மாயி போட்டது மூங்கில் கூடையில். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரைந்தால் காலம் மாறியது விளக்கமில்லாமலே புரியும்.

ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தால் 16 பக்கம், அட்டை தனி. பக்கங்கள் எப்போதும் நான்கு நான்காகத்தான் கூடும். மிஞ்சும் பக்கத்தில் பிள்ளை தன் குடும்பத்தை வரையட்டும். 8, 9ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் விரியும். மற்ற இடங்களில் இரு பக்கப் படம் போட்டால் கோடுகள் ஒட்டாமல் விலகும். ஆகவே மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நீண்ட பாதையை அந்த நடுப்பக்கத்தில் வரையுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பாதையின் முடிவில் தேயிலைச் செடி வரைந்துவிடுகிறார்கள். 1820களில் வந்தவர்கள் வந்தது கோப்பித் தோட்டத்துக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது; கோப்பி அழிய அழியத் தேயிலை பரவியது. கோப்பி பறிப்பது பருவ வேலை. பறித்து முடித்துப் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும், அதனால் குடும்பங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நிலைத்தன. "நாம ஏன் இங்கேயே இருந்துட்டோம்?" என்று பிள்ளை கேட்டால், பதிலின் பெரும்பகுதி இதுதான். ரயிலையும் கவனியுங்கள்: கண்டிக்கு வந்தது 1867இல், பதுளைக்கு 1924இல். அந்தந்த ஆண்டுக்கு முந்திய படத்தில் அந்த ஊரில் தண்டவாளம் வரக்கூடாது.

வழியில் பலர் பசியாலும் காலராவாலும் இறந்ததை மறைக்காதீர்கள். ஒரே வசனத்தில், நேராகச் சொல்லுங்கள். பிணங்களை வரைய வேண்டாம். இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டமும், பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தரம் 6க்குப் பிறகு வரட்டும். இப்போதைக்கு, ரயில் நிலையத்தில் ஒரு குடும்பம் ஏற, இன்னொன்று நிற்கும் படம் போதும்.

கேள்வி: எழுத்தின் அளவு என்ன? எப்படித் தைப்பது? – பெற்றோர், பண்டாரவளை

பதில்: 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். "போய்க்கொண்டிருந்தார்கள்" இரண்டாகப் பிரிந்தால் புதிதாக வாசிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். "போனார்கள்" போதுமானால் அதையே எழுதுங்கள். பேச்சு வரும் இடத்தில் வீட்டுப் பேச்சையே வையுங்கள்.

மடிப்பில் மூன்று துளை. ஊசியை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையால் உள்ளே கொண்டுவாருங்கள். உட்புறமாகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளையால் உள்ளே வந்து, நீளநூலின் இருபுறமும் நுனிகளைப் பிடித்து முடிச்சிடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பளபளப்பான படப்புத்தகங்களின் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்யலாம்? – வாசிகசாலைப் பொறுப்பாளர், நானுஓயா

பதில்: அந்தத் தாளின் மேற்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பசைபோல் பிடிக்கும். காய்ந்த பின் இழுத்தால் படம் கிழியும். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களை மெதுவாகப் பிரித்து, அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையிடையே வையுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். அடுப்பருகே வைத்தால் அட்டை வளையும். நிறைய நூல்கள் ஒன்றாக நனைந்தால், தனித்தனிப் பொலித்தீன் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, பின்னர் ஒவ்வொன்றாகக் காயவிடலாம். அலுமாரி சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி நிற்கட்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது தாளுக்குள் இறங்கும். நூல் நன்றாகக் காய்ந்த பின், மூக்கை மூடிக்கொண்டு, வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள்.