மரியா பெற்ற பேறு – கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். என் தங்கை திருமணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாதாவைப் பற்றித்தான் சண்டை. மாதா பிறப்புப் பாவம் இல்லாமலே கருவானார் என்கிற அமலோற்பவம் பைபிளில் எங்கே இருக்கிறது, உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்கிற விண்ணேற்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். நாம் செய்வது சிலைவழிபாடு என்கிறாள். கடைசியாக லூக்கா 11:27-28ஐக் காட்டி, "இயேசுவே தன் அம்மாவை ஒதுக்கிவிட்டார், நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் வாயை அடைக்கிற மாதிரி நாலு வசனம் தந்தால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வாயை அடைக்க வசனம் தரமாட்டேன். உங்கள் தங்கை பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள். நீங்கள் அந்தப் பேச்சை முடித்துவைக்க வழி தேடுகிறீர்கள். பரம்பரைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு லூக்கா நற்செய்தியின் இரண்டு வசனங்களைக் கேட்டதும் கை நடுங்குகிறது என்றால், அதற்குத் தங்கையைக் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன். அவள் காட்டிய அந்த இரண்டு வசனங்கள்தான் கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிலைவழிபாடு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வழிபாடு கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கும் அவர்கள் உருவங்களுக்கும் வணக்கம் மட்டும் என்று 787ல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் சொல்லிவிட்டது. அந்த எல்லையை நம் ஆட்கள் தாண்டினால் அது தப்புதான்.

கோட்பாடுகளுக்கு வருகிறேன். அமலோற்பவம் 1854ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அறிவித்தது. விண்ணேற்பு 1950ல் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது. இரண்டுக்கும் விரல் வைத்துக் காட்ட ஒரு வசனம் கிடையாது. தங்கையிடம் இதை நேராகவே ஒப்புக்கொள்ளுங்கள். திருச்சபையின் பெரிய இறையியலாளர் தோமா அக்குவினாஸ் போன்ற ஒருவரே அமலோற்பவத்தை ஏற்கத் தயங்கியவர்தான். எல்லாருக்கும் மீட்பர் கிறிஸ்து என்றால் மரியாவுக்கும் மீட்பு தேவைதானே என்பது அவருடைய சிக்கல். விழுந்தபின் தூக்கிவிடுவதைவிட விழாமலே காப்பது இன்னும் நிறைவான மீட்பு என்று 1300 வாக்கில் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் அதற்கு வழி சொன்னார். அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் சண்டை ஓடியது. விண்ணேற்பிலும் அப்படித்தான். மரியாவின் முடிவு எப்படி என்று யாருக்கும் தெரியாது என 4ஆம் நூற்றாண்டில் ஆயர் எப்பிபானியுஸ் எழுதுகிறார். திருச்சபை செபித்துச் செபித்து மெதுவாக வந்து சேர்ந்த இடங்கள் இவை.

ஆனால் வேர் பழையது. 180 வாக்கில் ஆயர் இரேனேயு எழுதியதைப் பாருங்கள். ஏவாள் தன் அவிசுவாசத்தால் கட்டியதை மரியா தன் விசுவாசத்தால் அவிழ்த்தார் என்கிறார். மரியாவைப் பற்றித் திருச்சபை பேசிய மிகப் பழைய பேச்சுகளில் ஒன்று இது. அதில் மையமாக இருப்பது அவருடைய விசுவாசம்.

இப்போது உங்கள் தங்கையின் வசனத்துக்கு வாருங்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண், உம்மைச் சுமந்து பாலூட்டிய தாய் பேறுபெற்றவர் என்று குரல் கொடுக்கிறாள். கடவுளின் வார்த்தையைக் கேட்டுக் கடைப்பிடிப்பவர்களே அதைவிடப் பேறுபெற்றவர்கள் என்கிறார் இயேசு. இதை ஒதுக்கல் என்று வாசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இதை எழுதிய லூக்காதான் முதல் அதிகாரத்தையும் எழுதினார். அங்கே உறவினர் எலிசபெத்து மரியாவை எதற்காகப் பேறுபெற்றவர் என்கிறார்? ஆண்டவர் சொன்னது நிறைவேறும் என்று நம்பியதற்காக (1:45). அப்படியென்றால் 11ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் அளவுகோலில் முதலில் தேறியவர் யார்?

இது தற்செயலாக அமைந்ததில்லை. மாற்கு 3ஆம் அதிகாரத்தில், தாயும் சகோதரர்களும் வெளியே நிற்கும்போது "யார் என் தாய்?" என்று கேட்கிறார் இயேசு. லூக்கா அந்தக் கடுமையான கேள்வியையே விட்டுவிடுகிறார். கடவுளின் வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பவர்களே என் தாயும் சகோதரர்களும் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார். அதையும் விதைப்பவர் உவமையை ஒட்டிக் கொண்டுவந்து வைக்கிறார். நல்ல நிலம் எது? வார்த்தையைக் கேட்டு நல்ல உள்ளத்தில் காத்துக்கொள்பவர்கள். அப்புறம் 2ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். நடந்ததையெல்லாம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தவர் என்று லூக்கா இரண்டு இடத்தில் எழுதுவது மரியாவைத்தான். கோவிலில் பன்னிரண்டு வயது மகன் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை என்றும் அதே லூக்கா எழுதுகிறார். புரியாமலேயே உள்ளத்தில் வைத்துக்கொண்டார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

என் அண்ணன் இளவயதில் இறந்தான். அதன்பிறகு அம்மா செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறைபொருள்களை மட்டும்தான் சொல்வாள், உயிர்ப்பைக் கொண்டாடும் ஞாயிற்றுக்கிழமையும்கூட. "மாதாகிட்ட என்னதான் கேக்குற?" என்று ஒருநாள் கேட்டேன். "எதுவும் கேக்கல. அவளுக்கும் யாரும் எதையும் வெளக்கிச் சொல்லல. ஆனாலும் அங்கயே நின்னா. நானும் நிக்கிறேன்" என்றாள். யோவான் நற்செய்தியும் அவ்வளவுதான் சொல்கிறது. சிலுவையருகே நின்றார். அழுதார் என்றுகூட எழுதவில்லை.

ஆயர் அகுஸ்தினார் சுமார் 401ல் கன்னிமை பற்றி எழுதியபோது இதே லூக்கா வசனத்தை எடுத்துக்கொள்கிறார். கிறிஸ்துவின் உடலைக் கருத்தரித்ததைவிட அவர்மேல் விசுவாசம் கொண்டதால்தான் மரியா அதிகம் பேறுபெற்றவர் என்கிறார். நமக்கு எதிராக வீசப்படுகிற வசனத்திலேயே நம் மரியாபக்தி நிற்கிறது. இதை நாம் ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் கோபம். அதற்குப் பதிலாக, மகன் கண்டிப்பானவர், அம்மா இளகிய மனசு, அம்மாவைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறோம். மகனைவிட அம்மாவுக்கு இரக்கம் அதிகம் என்றால் அந்த மகன் சிலுவையில் தொங்கியது எதற்காக? நீங்களும் அப்படித்தான் செபிக்கிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். கானா ஊர்த் திருமணத்தில் மரியா சொன்னது, அவர் சொல்வதையெல்லாம் செய்யுங்கள் என்றுதானே.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாவுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டிலேயே சேர்ப்பதா என்று 1963 அக்டோபர் 29 அன்று வாக்கெடுத்தார்கள். திருச்சபைக்குள்ளேயே வைப்போம் என்றவர்கள் 1114 பேர், தனி ஏடு கேட்டவர்கள் 1074 பேர். வெறும் நாற்பது வாக்கு வித்தியாசம். சரியான முடிவு. நம்புகிறவர்களின் கூட்டத்தில், நம்மோடு, நமக்கு முன்னால் நிற்பவர் அவர். திருத்தூதர் பணிகளில் அவரைக் கடைசியாகப் பார்ப்பதும் அந்தக் கூட்டத்தில், செபத்தில்தான்.

தங்கை அடுத்த முறை வரும்போது லூக்காவின் 1, 2, 8, 11 அதிகாரங்களைச் சேர்ந்து வாசியுங்கள். அவளே வாசிக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தை செபத்தின் முன்பாதி வானதூதரும் எலிசபெத்தும் சொன்னதுதான், அது அவளுடைய பைபிளிலும் இருக்கிறது. விருப்பமிருந்தால் அதுவரை உங்களோடு சொல்லட்டும். நமக்காக வேண்டிக்கொள்ளும்படி மரியாவைக் கேட்கும் பின்பாதிக்கு இப்போது வற்புறுத்த வேண்டாம்.