எரிமலைக்கு ரசமட்டம்

கேள்வி: ஹவாயின் கிலாவேயா எரிமலை 'வீங்குகிறது' என்கிறார்களே, கண்ணுக்குத் தெரியாத வீக்கத்தை எதை வைத்து அளக்கிறார்கள்?

பதில்: கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் கொள்கைதான். சாய்வுமானிக்குள் ஒரு திரவம், அதில் ஒரு குமிழி, சுற்றிலும் மின்முனைகள். தரை சாய்ந்தால் குமிழி நகரும், மின்தடை மாறும். அலகு மைக்ரோரேடியன்: 1 கி.மீ. நீளப் பலகையின் ஒரு முனையை 1 மி.மீ. தூக்கினால் வரும் சாய்வு. இவ்வளவு நுட்பமான கருவியை மேல்தரையில் வைத்தால் வெயிலும் மழையுமே அதை ஆட்டிவிடும். அதனால்தான் சில மீட்டர் ஆழத் துளைக்குள் இறக்குகிறார்கள். அப்போதும் கனமழை நாளின் வரைபடத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சாய்வுமானி மணிக்கணக்கு மாற்றங்களுக்கு நல்லது. மாதக்கணக்கில் அதன் அளவீடு தானே மெல்ல விலகிப்போகும். அங்கே பாறையில் இறுக்கிய ஜி.பி.எஸ். நிலையங்கள் கைகொடுக்கும். பரப்பு முழுவதற்கும் ரேடார் செயற்கைக்கோள். சென்டினல்-1 என்ற அத்தகைய செயற்கைக்கோளின் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; இரு படங்களை ஒப்பிடும்போது வரும் ஒவ்வொரு வண்ண வளையமும் செயற்கைக்கோளை நோக்கியோ அதைவிட்டு விலகியோ தரை நகர்ந்த 2.8 செ.மீ. காற்றின் ஈரப்பதமும் இதே போன்ற வளையத்தைப் போலியாகக் காட்டும். ஒரே ஜோடிப் படத்தை நம்பி முடிவெடுப்பது தவறு.

கேள்வி: வீங்கினால் வெடிப்பு நிச்சயமா?

பதில்: இல்லை. வீக்கத்துக்குக் காரணமான மாக்மா (நிலத்தடிப் பாறைக்குழம்பு) உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. இறங்கும் தரையும் ஆபத்தான செய்திதான்: 2018இல் மாக்மா கிழக்குப் பிளவு வழியே வடிய, உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் 500 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, குழம்பு பீறிட்டதோ கீழே, குடியிருப்புகளுக்குள்.