மேலே நீர்ச்செடி, கீழே சிறுமீன்: ஒரே தொட்டியில் இரண்டும் வளருமா?

வளரும். பெங்களூரு வீட்டுப் பால்கனியில் பாதி நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் நீர்ப்பிரமியை வெளியே தலைநீட்ட விட்டதும் இலை கருகுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். நீருக்குள் விளைந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மிக மெல்லியது. மார்ச் மாத வறண்ட காற்றில் வாடத்தான் செய்யும். அந்த இலை போகட்டும். வேரும் தண்டும் ஈரமாக இருந்தால், அடுத்த தளிர் காற்றுக்கு ஏற்றபடி தடித்து, பளபளப்பாக வரும். அதுவரை தொட்டியின் வாயைக் கண்ணாடியால் முக்கால்வாசி மூடுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள்.

வெளியே வந்த இலைக்குக் கரியமில வாயு தாராளம். வளர்ச்சி வேகமெடுக்கும், வேர்கள் மீன் கழிவின் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சாணமோ மண்புழு உரமோ தயவுசெய்து போடாதீர்கள், மீன்கள் செத்துவிடும். அனுபியாஸ் என்ற நீர்ச்செடியை வைத்தால் கிழங்கைப் புதைக்காமல் கல்லில் நூலால் கட்டுங்கள், புதைத்தால் அழுகும்.

போர்வெல் நீரின் கடினத்தன்மை கப்பி மீனுக்கு ஒத்துப்போகும். குஞ்சுகள் வேர்க்கொத்துக்குள் புகுந்து தாயின் வாயிலிருந்து தப்பிக்கும். காவிரிக் குழாய்நீர் என்றால் குளோரின் நீக்கி மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். கப்பித் தொட்டியை அப்போது வீட்டுக்குள் வைப்பதே நல்லது. குளிரை ஓரளவு தாங்குவது சீப்ரா டேனியோ என்ற சிறுமீன். ஆனால் அது துள்ளும், மூடி அவசியம்.