கோணக் கொம்பு கோணலாவே இருக்கட்டும்: தாத்தா காலத்து மிளா தலைய திரும்ப மாட்டுறது பத்தி

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்க வீட்டு முன் ரூம்ல ஒரு மிளா தலை, அதான் சாம்பார் மான் தலை, தொங்குது, லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போன அம்பதுகள் காலத்து சமாச்சாரம், எழுபதுகள்ல தாத்தா பேர்ல வாங்குன ஓனர்ஷிப் சர்டிபிகேட்டும் பீரோவுல பத்திரமா இருக்கு. இடது கொம்பு எல்லா மிளாவுக்கும் இருக்குற மாதிரி மூணு கிளை, வலது கொம்பு மட்டும் பாதியில வளைஞ்சு அஞ்சு கிளையா பிரிஞ்சு அதுல ஒண்ணு கீழ பார்த்துத் தொங்குது. தொண்ணூறுகள்ல யாரோ ஒருத்தர்கிட்ட குடுத்து புதுசா மாட்டி வாங்கியிருக்காங்க, அதுல இருந்து மூஞ்சி கோணிப்போச்சு, கண்ணு பிதுங்குது, பின்கழுத்துல தையல் விட்டு உள்ள வெள்ளையா தெரியுது. தாத்தா போன மாசம் தவறிட்டாரு, தங்கச்சி கல்யாணத்துக்குள்ள சரி பண்ணணும், வீடியோ பார்த்து நானே பிரிச்சு மாட்டலாமா சார்ண்டு கேள்வி. நாலு போட்டோவும் அனுப்பியிருக்காரு.

தம்பி, இப்ப பிரிக்காதீங்க. மொதல்ல பேப்பர் வேலை இருக்கு, அதுக்கு கல்யாணத்த விட அவசரம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சர்டிபிகேட் இருக்குற பொருள் வாரிசுக்கு வரலாம், ஆனா வந்த 90 நாளைக்குள்ள வாரிசு தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு டிக்ளரேஷன் குடுக்கணும், உங்க கேஸ்ல அப்பா பேர்ல. மதுரையில மாவட்ட வன அலுவலர் ஆபீஸ்ல போய்க் கேட்டா எப்படி எழுதணும்ண்டு சொல்லுவாங்க. ஒரு மாசம் ஏற்கனவே போயிருச்சு, அதனால காரியம் முடியட்டும்ண்டு தள்ளிப் போடாதீங்க. அதே மனுவுலயே தலை கெட்டுப்போயிருக்கு, சரி பண்ணப் போறோம்ண்டு போட்டோவோட எழுதி அனுமதி கேட்டுருங்க. இந்த வேலைய தொழிலா செய்றவங்களுக்கு லைசென்ஸ் வேணும், தலைய வண்டியில ஏத்தி வெளிய கொண்டு போகவும் அனுமதி வேணும், விக்கவே கூடாது. சில தலையில, பலகையில அடையாளக் குறி போட்டிருப்பாங்க, அத அழிக்கிறதும் குத்தம், அதனால உப்புத்தாள கையில எடுக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கமெல்லாம் ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாருங்க. வீட்ல யாருக்கும் இது வேணாம்ண்டு தோணுச்சுண்டா அரசாங்கத்துக்கிட்டயே ஒப்படைக்க 2022 திருத்தத்துல வழி வச்சிருக்காங்க, காசு கிடைக்காது.

இனி தலைக்கு வருவோம். உங்க மூணாவது போட்டோவ, அதான் நேரா முன்னாடி நின்னு எடுத்தத, ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். தொண்ணூறுகள்ல மாட்டிக் குடுத்தவரு பண்ணுன தப்பு கண்ணுல இல்ல, தையல்ல இல்ல. வலது கொம்பு வளைஞ்சு குட்டையா போனத பார்த்துட்டு ரெண்டு நுனியும் ஒரே உயரத்துல வந்தாத்தான் அழகுண்டு நினைச்சு, கொம்போட சேர்ந்து இருக்குற தலையோட்டுத் துண்டையே ஒரு பக்கமா சாச்சு, வலதுபக்கம் அடியில கட்டைய முட்டுக்குடுத்து ஆணி அடிச்சிருக்காரு. கொம்பு மட்டமா வந்துருச்சு, மூஞ்சி கோணிருச்சு. அப்புறம் மூஞ்சிய நேராக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ அள்ளிப் பூசி, அதுக்கு மேல தோல இழுத்து, இழுவைக்குத் தாங்காம பின்கழுத்துல விட்டுப்போச்சு. ஒரு கட்டை பண்ணுன வேலைதான் மத்தது அம்புட்டும்.

கொம்பு ஏன் அப்படி ஆச்சுண்டு தெரிஞ்சிருந்தா அவரு அதுல கைய வச்சிருக்க மாட்டாரு. மான் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி கிடையாது, அது எலும்பு, விழுந்து திரும்ப முளைக்கும். முளைக்குறப்ப மேல வெல்வெட் மாதிரி ரத்த ஓட்டம் உள்ள தோல் போர்த்தியிருக்கும், அந்த நேரத்துல கிளையில முட்டி அடிபட்டா வளர்ற கொம்பு வளையும், பிரியும், தொங்கும், அடுத்த வருஷம் சரியா முளைச்சிரும். அதுவே கொம்பு முளைக்குற அடிக்காம்புல அடிபட்டிருந்தா வருஷா வருஷம் கோணலாத்தான் வரும். உங்க போட்டோவுல வலதுபக்க அடிக்காம்பு இடது மாதிரியே உருண்டையா சுத்தமா இருக்கு, வளைவு மேலதான் ஆரம்பிக்குது, அதனால அந்த ஒரு வருஷத்துல பட்ட அடிண்டுதான் எனக்குத் தோணுது. அந்த மானுக்கு நடந்தது அந்த வளைவுலதான் எழுதியிருக்கு, அத மட்டம் பண்ண நாம யாரு.

மட்டம் பார்க்கவேண்டிய இடம் நுனி இல்ல, நெத்தி. தலையோட்டுத் துண்ட உத்துப் பார்த்தா நடுவுல வளைஞ்சு வளைஞ்சு தையல் போட்ட மாதிரி ஒரு கோடு ஓடும், அதுதான் நடுக்கோடு, அது தூக்குக்குண்டு நூலுக்கு நேரா வரணும். கண்குழியோட மேல் விளிம்பு ரெண்டுபக்கமும் மிச்சம் இருந்தா அதுமேல ஒரு சின்ன ரசமட்டத்த வைங்க, இல்லாட்டி ரெண்டு அடிக்காம்பு மேலயும் ஒரு ஸ்கேல குறுக்க வச்சு அதுமேல வைங்க. குமிழி நடுவுல வந்தப்புறம் நுனி எங்கிட்டு போனாலும் போகட்டும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, இத மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. பழைய காலத்துல தோலுக்குப் பூச்சி வராம இருக்க ஆர்செனிக் கலந்த சோப்பு தடவுவாங்க. மைசூர்ல 1999 வரைக்கும் வேட்டை விலங்குகள பாடம் பண்ணுன, அதாவது தோல பதப்படுத்தி உருவத்து மேல போர்த்திக் குடுத்த, வான் இங்கன் கம்பெனி மாதிரி நல்ல இடத்துல மொதல்ல பண்ணுன தலையா இருந்தாலும் சரி, உள்ளூர்ல பண்ணுனதா இருந்தாலும் சரி, அந்தக் காலத்துத் தோல்ல விஷம் இருக்குண்டு வச்சுக்கிட்டுத்தான் தொடணும். காதுக்கு அடியில, கண்ணு ஓரத்துல, தையல் ஓரத்துல வெள்ளைப் பொடி பூத்திருந்தா ஊதிப் பார்க்கக் கூடாது. ஃபேன ஆஃப் பண்ணுங்க, நைட்ரைல் க்ளவுஸ், என்95 மாஸ்க், கீழ பழைய பாலித்தீன், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனர் போட்டீங்கண்டா அம்புட்டுப் பொடியும் பின்னாடி வழியா ரூம் பூரா பறக்கும்.

அப்ப அந்த மூஞ்சித் தோல திரும்ப புதுசா போர்த்த முடியுமாண்டா, என் பதில் வேணாம். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு பழைய புள்ளிமான் தோல இளக்குறேண்டு தண்ணியில ஊறப் போட்டேன், ராத்திரி முழுக்க, காலையில தூக்குனா நனைஞ்ச அப்பளம் மாதிரி கையோட வந்துச்சு. படிகாரம் போட்டுப் பதப்படுத்துன தோல் வருஷம் ஆக ஆக உள்ளுக்குள்ள புளிச்சு இத்துப்போயிரும், மேல முடி பளபளண்டு இருக்கும், அடியில பலமே இருக்காது. வேற மான் தோல் நம்ம நாட்ல வாங்கவும் வழி இல்ல. அதுபோக அந்த மூஞ்சி இப்ப மிளா மூஞ்சியும் இல்ல. மானுக்குக் கண்மணி படுக்கை வாட்டுல நீளமா இருக்கும், அவரு வட்டமா பொம்மைக் கண்ண ஒட்டியிருக்காரு, அதான் திருடனப் பார்த்த மாதிரி முழிக்குது. கண்ணுக்கு முன்னாடி மிளாவுக்குப் பெருசா ஒரு சுரப்பிக் குழி உண்டு, அத புட்டி போட்டு அடைச்சே விட்டாரு.

அதனால தோல அலுங்காம ஒரு அட்டைப்பெட்டியில மேல விஷம்ண்டு எழுதி தனியா வச்சிருங்க, தூக்கிப் போட்டுறாதீங்க, அதுவும் சர்டிபிகேட்ல உள்ள பொருளோட பகுதிதான், மனுவுலயும் அத குறிப்பிடுங்க. கொம்பையும் தலையோட்டுத் துண்டையும் மட்டும் பலகையில மாட்டுங்க. இதுல உங்க கொம்புக்கு ஒரு லாபம் இருக்கு, கீழ தொங்குற அந்தக் கிளை இப்ப காதுக்குப் பின்னாடி மறைஞ்சு கிடக்கு, மூஞ்சி போனா அது தனியா தெரியும்.

பிளாஸ்டர சுத்தியலால அடிச்சு உடைக்காதீங்க, அந்த அதிர்ச்சிக்கு நடுக்கோட்டுல ஓடு ரெண்டா பிளந்தா கொம்புக்கு நடுவுல இருக்குற அகலம் போச்சு, அப்புறம் எத வச்சு ஒட்டுனாலும் பழைய அளவு வராது. சின்ன உளியால சுரண்டி, துருப்பிடிச்ச ஆணி வந்தா ரம்ப பிளேடால அறுத்து எடுங்க, பொறுமைதான் வேணும். கொம்பு அடியில முத்து முத்தா ஒரு வளையம் இருக்கும்ல, உங்க ரெண்டாவது போட்டோவ பெருசாக்கிப் பார்த்தேன், அந்த முத்துக்கு இடையில எல்லாம் எம்-சீல் அப்பியிருக்கு. அத மூங்கில் குச்சிய சீவி ஒவ்வொரு இடுக்கா நோண்டணும், கத்தி வச்சா முத்து பெயர்ந்துரும்.

கொம்பு மேல அடிச்சிருக்குற வார்னிஷ எடுக்கலாம், ஆனா பின்பக்கம் ஒரு இடத்துல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு மொதல்ல சோதிங்க. மிளாக் கொம்போட பழுப்பு மரத்துல உரசி உரசி ஏறுன கறை, தின்னர ஊத்தித் தேய்ச்சா அதுவும் சேர்ந்து போய் சுண்ணாம்புக் குச்சி மாதிரி வெளுத்துரும். நுனி மட்டும் வெள்ளையா இருக்கா, அது அப்படித்தான் இருக்கணும், பாலிஷ் போடாதீங்க.

ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு நெத்தி மாதிரி மேடு வேணும். இதுக்கு நான் சொல்ற இடம் விளாச்சேரி. திருப்பரங்குன்றத்துக்கு அங்கிட்டு கொலு பொம்மை பண்றவங்க, காகிதக்கூழ் வேலை அவங்க கைக்குப் பழக்கம், பாடம் பண்ற உருவத்துக்கும் அந்தக் காலத்துல மைசூர்ல காகிதக்கூழ்தான். தலைய அங்க தூக்கிட்டுப் போகாதீங்க, ஓட்டோட அடிப்பக்கத்த பேப்பர்ல வரைஞ்சு அளவு எழுதி அத மட்டும் கொண்டு போங்க. பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்லுங்க, பூச்சி அண்டாது, ஆனா துத்தம் இரும்ப அரிக்கும், அதனால ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். வலதுபக்கம் கனம் ஜாஸ்தி, அங்க ரெண்டு ஸ்குரூவா போடுங்க. மேல போர்த்த திண்டுக்கல் ஆட்டுத்தோல் மெல்லிசா வாங்குனா அம்சமா உக்காரும்.

பலகை பழசுதானண்டு பாருங்க, தேக்கா இருந்தா அதையே வைங்க, மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் லேபிள் ஏதாச்சும் இருக்காண்டும் பாருங்க. சுவர் சுண்ணாம்புக் காரையா இருந்தா ஆணி காரையோட நிக்கக் கூடாது, செங்கல் வரைக்கும் இறங்கணும். மேக்குப் பார்த்த சுவரு வேணாம், சித்திரை வெயில்ல காயும், ஐப்பசி மழையில ஊறும், அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எல்லாம் வெடிக்குது.

கல்யாணத்துக்குள்ள முடியாது தம்பி, அனுமதி வர்ற வரைக்கும் மேல ஒரு மெல்லிய காட்டன் துணிய போர்த்தி விடுங்க. அதுக்குள்ள தையல் விட்ட இடத்துல டார்ச் அடிச்சு உள்ள தெரியுற ஆணித் தலைங்கள ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, கைய உள்ள விடாம.